இரண்டு குழாய்களுக்கு நடுவே

எங்கள் வீட்டில் ஒரு வருடத்துக்கும் மேலாகக் குழாயைத் தவிர வேறு பேச்சு கிடையாது. தண்ணீர்க் குழாய் என்று நினைத்துவிட வேண்டாம். அதைப் பற்றிப் பேசியிருந்தால் நாங்கள் குடியிருந்த ஹேடோவில் நாலு பெண்களாவது என்னோடு சேர்ந்துகொண்டிருப்பார்கள். இது புகைக்குழாய். என் வீட்டுக்காரர் ஓட்டிய லாஞ்ச் என்கிற மோட்டார் படகின் எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகிற இரண்டு இரும்புக் குழாய்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் குறுக்காக ஒரு குழாய் போட வேண்டும், அதை எந்த வடிவத்தில் போடுவது என்பதுதான் பிரச்சினை. கேட்டால் சிரிப்பு வரும். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கம். அவர் எனக்கு முன்பே கடல் கடந்து இந்தத் தீவுக்கு வந்து ஒரு மரக் காண்டிராக்டரிடம் லாஞ்ச் ஓட்டியவர். காண்டிராக்டர் ஊரைப் பார்க்கப் போனபோது அந்தப் பழைய லாஞ்சை இவரே எடுத்துக்கொண்டார். பிறகுதான் என்னைக் கட்டிக் கப்பலேற்றிக் கூட்டிவந்தார். நான் வந்து இறங்கியபோது துறையில் நின்ற ஒருவர், "உனக்கு முன்னாலயே அவனுக்கு ஒருத்தி இருக்கா, அந்தா நிக்கா பாரு" என்று லாஞ்சைக் காட்டினார். விளையாட்டுக்குச் சொன்னார். அதில் விளையாட்டு ஒன்றும் இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

லாஞ்ச் சாத்தம் துறையிலிருந்து கிளம்பும். எதிர்க்கரையைத் தொட்டு, உப்பங்கழிக்குள் நுழைந்து, உள்ளே இருந்த குடியேற்றக் கிராமங்களிலிருந்து காய்கறியையும் தேங்காயையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு திரும்பும். எஞ்சின் சண்டைக்காலத்து ராணுவ லாரி ஒன்றிலிருந்து கழற்றியது. எட்டு சிலிண்டர், இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. லாரியில் இருந்தபோது இரண்டு பக்கத்துப் புகையையும் முன்னால் வளைத்து ஒன்றுசேர்க்கிற குழாய் ஒன்று இருந்ததாம். உப்புக் காற்றில் அது உதிர்ந்துபோனதும், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குழாய்களைப் படகின் பின்புறம் வரை நீட்டி விட்டுவிட்டார். எஞ்சின் பெட்டியை ஒட்டித்தான் அவருடைய இருக்கை. காலை முதல் மாலை வரை தலைமாட்டில் எட்டு சிலிண்டரும் வெடித்துக்கொண்டிருக்கும்.

சத்தம் என்றால் சாதாரணச் சத்தம் இல்லை. ஒரே சீராகவும் வராது. தட, தடதட, கொஞ்சம் இடைவெளி, மறுபடி தட. ஒரு பக்கத்து நாலு சிலிண்டரும் வரிசையாக முறை வைத்து வெடிப்பதில்லையாம். அடுத்தடுத்து இரண்டு, பிறகு ஒரு விடுதல். இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கேட்டால்தான் நடை சரியாக இருக்கும், தனித்தனியாக விட்டால் இரண்டு நொண்டிகள் ஓடுகிற மாதிரி என்று அவரே எனக்கு விளக்கியிருக்கிறார். உப்பங்கழிக் கரையில் இருந்தவர்களுக்கு அந்த நொண்டிச் சத்தம்தான் கடிகாரம். யாரிடமும் கைக்கடிகாரம் கிடையாது. தூரத்தில் தடதட கேட்டதும் கூடையைத் தூக்கிக்கொண்டு துறைக்கு இறங்குவார்கள். நானும் அதைக் கேட்டுத்தான் உலை வைப்பேன்.

ஒருநாள் சாப்பிடும்போது அவர், "எஞ்சின்ல ஒரு கூப்பாடு வருது ட்டி" என்றார். "தடதடப்பு இல்ல. அதுக்கு அடியில ஊம்முனு ஒண்ணு. விடாம."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றேன்.

"நீ அடுப்படியில கெடக்கவ. உனக்கு எப்படிக் கேக்கும்?"

அன்றைக்குத் தொடங்கியது. ரெண்டு பக்கத்துப் புகையும் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியே முட்டிக்கொண்டு போவதால்தான் அந்த இரைச்சல் என்று முடிவு கட்டினார். நடுவில் ஒரு வழி வைத்துவிட்டால் இந்தப் பக்கத்து அழுத்தம் அந்தப் பக்கம் போய் சமமாகிவிடும், கூப்பாடு அடங்கிவிடும். அவர் சொன்னது தப்பில்லை. கப்பல் எஞ்சினியர்கள் இரண்டு பேரிடம் கேட்டார், அவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் அந்த இரைச்சல் வந்ததிலிருந்து அவர் சரியாகத் தூங்கவில்லை. எரிந்து விழுந்தார். சோற்றில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளுகிறவர் அல்ல, அதையும் செய்தார். அந்தச் சத்தம் போனால்தான் அவர் தூங்குவார், தூங்கினால்தான் பழைய மனிதராவார் என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் நானும் குழாயில் இறங்கினேன்.

சாம்பாரில் கிடந்த முருங்கைத் துண்டுகளைத் தட்டில் வைத்து அவர் முதல் பாடம் எடுத்தார். இரண்டு துண்டு நேராக, நடுவில் ஒரு சின்னத் துண்டு குறுக்கே, ஏணிப்படி மாதிரி. அது ஒரு விதம். இரண்டையும் கடைசியில் ஒன்றாக்கி ஒரே குழாயாக விடுவது இன்னொரு விதம். இரண்டும் வளைந்து வந்து நடுவில் ஒட்டி, உரசி, மறுபடி பிரிந்துபோவது மூன்றாவது விதம். பெருக்கல் குறி மாதிரி. மூன்றில் எது? நான் ஏணிப்படியை எடுத்துத் தின்றுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

பிறகு பப்பாளி. எங்கள் வீட்டுப் பின்பக்கம் பப்பாளி காடாக நிற்கும். அதன் இலைக்காம்பு உள்ளே வெற்றாக இருக்கும், குழாயேதான். அதை வெட்டி, ஓட்டை போட்டு, சோற்றுப் பசையால் ஒட்டி மூன்று விதமும் செய்தார். ஒரு பக்கம் அவர் பீடிப் புகையை ஊதுவார், மறுபக்கம் நான் வெறும் வாயால் ஊத வேண்டும். புகை எந்த வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டும். கட்டின பெண்டாட்டியும் புருஷனும் கொல்லையில் உட்கார்ந்து பப்பாளிக் காம்பை ஊதுவதை அக்கம்பக்கத்தார் பார்த்து என்ன நினைத்தார்களோ. அந்த நாட்களில் எனக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலில் இரண்டையும் ஒன்றாக்கினார். ஹேடோவில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த மலையாளிதான் செய்துகொடுத்தார். எங்கள் இருவருக்கும் கூடப்பிறந்தவர் மாதிரி. அவருக்குப் பேச்சில் மலையாளம், தமிழ், ஹிந்தி மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். என்னைப் பாபி என்பார், அண்ணி என்று. தீவில் கிடைத்த இரும்புக் குழாயெல்லாம் துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாய்தான். அதைக் காய்ச்சினால் வெள்ளையாய்ப் புகை வரும், அதை இழுத்தவருக்கு அன்று சாயங்காலமே குளிர்காய்ச்சல். ஒவ்வொரு தடவையும் டப்பாப் பாலைக் கரைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். "பாபி, உங்க ஆளோட சத்தம் போறதுக்குள்ள என் ஜான் போயிரும்" என்பார். ஜான் என்றால் உயிர்.

ஒன்றாக்கியதில் சத்தம் மட்டுப்பட்டது, ஆனால் எஞ்சினுக்கு மூச்சு முட்டியது. கழிமுகத்தில் எதிர்நீரோட்டத்தில் லாஞ்ச் நின்ற இடத்திலேயே நின்றது. பயணிகள் கையைத் தண்ணீரில் விட்டுத் துழாவினார்கள், கேலிக்காக. போனால் போகட்டும், இரைச்சல் போயிற்றா என்று கேட்டேன்.

"போகலை. இன்னும் கூடியிருக்கு."

அடுத்தது ஏணிப்படி. அதில் குறுக்குக் குழாயை எந்த இடத்தில் வைப்பது என்பது பெரிய விஷயம். தள்ளி வைத்தால் பயனில்லையாம். கப்பல்காரர் ஒருவர் வழி சொல்லியிருந்தார்: இரண்டு குழாயிலும் நீளமாகப் பெயின்ட் அடித்து எஞ்சினை ஓட்டிப் பார், சூட்டில் பெயின்ட் கருகிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிற்கும், அங்கே வை. எங்கள் கதவுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சைப் பெயின்டை நான்தான் அடித்தேன். எஞ்சின் ஓடியது. பச்சை கருத்து, கொப்புளித்து, உரிந்துகொண்டே போயிற்று. இடப்பக்கம் ஓரிடத்தில் நின்றது, வலப்பக்கம் ஒரு முழம் தள்ளி நின்றது. அவர் இரண்டுக்கும் நடுவில் குந்தியிருந்து மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். எந்தப் பக்கத்தை நம்புவது? கடைசியில் இரண்டுக்கும் பொதுவாக ஓரிடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டார்.

வெல்டிங் கேஸ் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பல் மழையில் தாமதமானது. காத்திருந்த நாளெல்லாம் அவர் படகை விட்டு வீட்டுக்கு வந்தும் உட்காரவில்லை. கேஸ் வந்து, குழாயை வைத்து, லாஞ்சை ஓட்டிய அன்று நானும் போனேன். எனக்கே வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. நொண்டல் இல்லை. கனமாக, சீராக, அடித்தொண்டையில் பேசுகிற மாதிரி ஒரு சத்தம். மலையாளி கையை விரித்து, "ஏக்தம் ஷாந்த்! இனி என்ன வேணும்?" என்றார், சுத்தமாக அடங்கிவிட்டதென்று. நான் என் வீட்டுக்காரர் முகத்தைத்தான் பார்த்தேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார்.

"இருக்கு. அப்படியேதான் இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. ஊருக்கே கேட்காத சத்தம் இவர் ஒருத்தருக்கு மட்டும் எப்படிக் கேட்கும்? வேண்டுமென்றே சொல்கிறார், ஆணவம், யார் செய்தாலும் குறை என்று நினைத்தேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

மூன்றாவது, பெருக்கல் குறி. குழாயை வளைக்க வேண்டும். காய்ந்த மணலை உள்ளே இறுக்கி அடைத்து, தீயில் பழுக்க வைத்து, நசுங்காமல் வளைக்க வேண்டும். மணலை வறுத்துக் கொடுத்தது நான். வளைத்த இரண்டையும் வயிற்றோடு வயிறு ஒட்டுமாறு சீவி, ஒட்டி, உருக்கிச் சேர்த்தார் மலையாளி. அவருக்கு வந்த காய்ச்சல் இந்த முறை ஒரு வாரம் விடவில்லை. அவர் வீட்டுப் பெண்மணி என்னை வாசலில் நிறுத்தியே பேசினாள்.

அந்தக் குழாயோடு லாஞ்ச் ஓடியதை என்னவென்று சொல்வது. தையல் மிஷின் மாதிரி ஓடியது. துறையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் உப்பங்கழிக்குள் போனால் கரையில் ஆளே இல்லை. லாஞ்ச் வந்தது யாருக்கும் தெரியவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டுக் காலியாகத் திரும்பியது. மறுநாள் சந்தையில் ஒரு பெங்காலி அம்மாள் கத்தரிக்காய்க் கூடையைத் தொம்மென்று வைத்து என்னைப் பிடித்துக்கொண்டாள். "தும்ஹாரா போட் சோர் ஹை க்யா? சுப்சாப் ஆதா, சுப்சாப் ஜாதா!" உங்கள் படகென்ன திருடனா, சத்தம் காட்டாமல் வருகிறது, சத்தம் காட்டாமல் போகிறது என்று சந்தையே கேட்கக் கத்தினாள். அவள் மூன்று மணி நேரம் தலைச்சுமையோடு கரையோரமாகவே நடந்து வந்திருந்தாள். எங்கள் வீட்டில் சத்தத்தை ஒழிக்கப் பாடுபட்டது, அந்தக் கரையில் இருந்தவர்களுக்கு மணியடிப்பதை நிறுத்தியதாகப் போயிற்று. அவர்களில் பலர் அரசாங்க ஃபெர்ரிக்கு மாறிவிட்டார்கள்.

அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் மறுநாள் லாஞ்சில் ஏறினேன். திரும்பி வரும்போது நாங்கள் இருவர்தான். நல்ல வெயில், காற்றே இல்லை, கடல் குளம் போல் கிடந்தது. துறை நெருங்கியதும் வழக்கம்போல் சுவிட்சை அணைத்துவிட்டு, போகிற வேகத்திலேயே படகை விட்டார். எஞ்சின் நின்றது. பலகையில் தண்ணீர் தட்டுவது கேட்டது. துறையில் ஒரு காக்கை கத்தியது. அப்போது அவர் விரலைத் தூக்கினார்.

"இப்பக் கேளு. இப்பத்தான் நல்லாக் கேக்கு. ஊம்முனு வருது பாரு. இதத்தான் நான் இவ்வளவு நாளாச் சொல்லுதேன்."

நான் அவரையே பார்த்தேன். "எஞ்சினை அணைச்சிட்டீங்களே" என்றேன்.

"என்னது?"

"எஞ்சின் ஓடலைங்க!"

அவர் என் வாயைப் பார்த்தார், சுவிட்சைப் பார்த்தார். பிறகு குனிந்து, குழாயில் சூடு தெரியாமலிருக்கச் சுற்றியிருந்த கல்நார்க் கயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்தார். "சூடு இன்னும் ஆறலைல்லா. உள்ள காத்து சுத்திக்கிட்டுக் கெடக்கும். அந்தச் சத்தம்தான்."

அவர் பொய் சொல்லவில்லை. முழுதாக நம்பித்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "மீன் தீஞ்சு போச்சு" என்றேன். திரும்பவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னேன். திரும்பவில்லை. கத்தினேன், "என்ன?" என்றார். ஹேடோவில் யாரும் மெதுவாகப் பேசி நான் பார்த்ததில்லை. கப்பலிலிருந்து சரக்கு இறக்குகிற இடம், பகலெல்லாம் இரும்புச் சங்கிலியும் கூச்சலும். பக்கத்தில் இருப்பவரோடும் கத்தித்தான் பேசுவோம். அவர் கத்தியதும், நாங்கள் அவரிடம் கத்தியதும் எங்களுக்கு வித்தியாசமாகவே படவில்லை. வேறு எந்த ஊராக இருந்தாலும் பெண்டாட்டிக்கு முன்பே தெரிந்திருக்கும்.

ஆஸ்பத்திரிக்கு என்றால் வர மாட்டார் என்று தெரியும். எனக்குத்தான் தலைசுற்றல் என்று சொல்லிக் கூட்டிப்போனேன். டாக்டர் மெயின்லேண்டிலிருந்து வந்தவர், சின்ன வயது, தமிழர். நான் விஷயத்தைச் சொன்னதும், ரீங்கரிக்கிற இரும்புக் கவட்டை ஒன்றைத் தட்டி இவர் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வைத்துப் பார்த்தார். என்னிடம் சொன்னார்.

"நரம்பு போயிடுச்சும்மா. எஞ்சின் பக்கத்துலேயே இத்தனை வருஷம் உக்காந்ததுல வந்தது. அந்த இரைச்சல் காதுக்குள்ள இருக்கு, வெளியில எங்கேயும் இல்ல."

"அது எப்பப் போகும்?"

"போகாது. சத்தத்துல இருந்து விலகி இருக்கச் சொல்லுங்க. இல்லேன்னா மிச்சம் இருக்கிறதும் போயிடும்."

இதை அவரிடம் யார் சொல்வது? டாக்டருக்கு அடுத்த நோயாளி வந்துவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில், பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் முன்னால், என் புருஷன் காதில் நான் கத்த வேண்டியிருந்தது. உங்க காதுல இருக்கு, குழாய்ல இல்ல, போகாதாம், சத்தத்துலயே இருந்தா மிச்சமும் போயிருமாம். ஒரு தடவை கத்தினது போதவில்லை. இன்னொரு தடவை கத்தினேன். அங்கே இருந்த ஒரு பெண் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அந்த வராந்தாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அவர் எழுந்து நடந்தார். படியிறங்கும்போது, "டாக்டருக்கு எஞ்சினைப் பத்தி என்ன தெரியும்?" என்றார்.

அடுத்த நாளே மலையாளியிடம் போய், பெருக்கல் குறியை எடுத்துவிட்டுப் பழையபடி ஏணிப்படி வைக்கச் சொன்னார். அந்தத் தடவை வலப்பக்கத்துப் பெயின்ட் நின்ற இடத்தில். பிறகு அதை எடுத்து இடப்பக்கத்து இடத்தில். பிறகு இரண்டு குறுக்குக் குழாய். பிறகு சின்ன வாய் உள்ளது. வெட்டி ஒட்டி வெட்டி ஒட்டி அந்தக் குழாய்கள் கந்தல் வேட்டி மாதிரி ஆகிவிட்டன. ஒவ்வொரு முறையும் முகம் மலரப் புறப்படுவார். ஒவ்வொரு முறையும் செத்த முகத்தோடு திரும்புவார். மலையாளி ஒருநாள் என்னிடம் வந்து நின்றார். அவருக்கு நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன்.

"பாபி, எத்தனை தபா நான் வெட்டும்? அதுல ஒண்ணும் இல்லான்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவர்கிட்ட ஞான் எந்தா சொல்லும்?"

"அவர் கோடு போட்ட இடத்துல வெட்டுங்க" என்றேன்.

வேறு என்ன சொல்ல? குழாயிலாவது மூன்று விதம் இருந்தது. இது இல்லையென்றால் அது, இங்கே இல்லையென்றால் ஒரு முழம் தள்ளி. காதில் என்ன விதம் இருக்கிறது? அவர் குழாயைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்த வரைக்கும் அவருக்கு நாளை என்று ஒன்று இருந்தது. எனக்கு அதுவும் இல்லை. அவர் நம்பிக்கையோடு கோடு போடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் போலக் கொடுமை வேறு எதுவும் என் வாழ்க்கையில் வந்ததில்லை. கோயிலுக்குப் போவதை அந்த வருடம்தான் நிறுத்தினேன்.

அவராகவே ஒருநாள் நிறுத்தினார். காலையில் போனவர் சாப்பாட்டுக்கு வரவில்லை. லாஞ்ச் கட்டியே கிடந்தது. தேடிக்கொண்டு சாத்தம் பாலத்தைத் தாண்டிப் போனேன். மரமில்லின் சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். உள்ளே பெரிய ரம்பம் படௌக் என்கிற கெட்டியான தீவு மரத்தை அறுத்துக்கொண்டிருந்தது; தெருவில் போகிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டு போனார்கள். அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். முகம் தெளிவாக இருந்தது. அந்த முகத்தை நான் பார்த்து எத்தனை காலம் ஆகிவிட்டது என்று அங்கேயே அழுதுவிட்டேன்.

என்னைப் பார்த்ததும் காதருகே வந்து சொன்னார். "இங்கன நின்னா அது இல்ல ட்டி. இந்தச் சத்தம் அத முழுங்கிருது."

பிறகு வீட்டுக்கு நடந்து வரும்போது சொன்னார். "குறுக்குக் குழாயே வேண்டாம். ரெண்டையும் பின்னால கொண்டுபோகவும் வேண்டாம். என் சீட்டுக்கு ரெண்டு பக்கமும் மேல நிமித்தி, தலைக்கு மேல விட்ரலாம். திறந்த வாயா." கொஞ்ச தூரம் போனபின் நின்றார். "டாக்டர் சொன்னதா நீ கத்துனது எனக்குக் கேட்டுச்சு. மிச்சமும் போயிரும்னாருல்லா. நீயே சொல்லு. நீ வேண்டாம்னா வேண்டாம்."

அப்படியென்றால் ஆஸ்பத்திரி நாளிலிருந்தே அவருக்குத் தெரியும். எனக்காகத்தான் குழாயை நம்பினாரா, தனக்காகவா, தெரியாது. கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தெருவில் கத்திக் கேட்டிருக்க வேண்டும்.

வேண்டாம் என்றால் அவருக்கு இருக்கிற கொஞ்சக் காது இருக்கும். நான் கத்தினால் கேட்கும். அந்தக் காதோடு அவர் அந்த ஊம் சத்தத்தோடு தனியாகக் கிடக்க வேண்டும், தூங்காமல், சாகிற வரைக்கும். சரி என்றால் ஓடுகிற நேரமாவது அவருக்கு நிம்மதி, ஆனால் என் குரல் போய்விடும். எந்தப் புண்ணியவான் இப்படி ஒரு கேள்வியைக் கட்டி என் தலையில் வைத்தானோ. இரண்டு நாள் கழித்து மலையாளியிடம் போய், நிமிர்த்தி வைத்துவிடுங்கள் என்றேன். அவர் கேஸைத் திறந்தார். இன்றைக்கு யார் வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இவர் சும்மா உட்காரட்டும் என்று முதல் ஓட்டத்துக்கு மலையாளி சுக்கானைப் பிடித்தார். காதில் பஞ்சை அடைத்திருந்தார். நான் முந்தானையால் தலையைச் சுற்றிக் கட்டியிருந்தேன். இவர் தன் இருக்கையில், நிமிர்ந்து நின்ற இரண்டு குழாய்களுக்கும் நடுவில் உட்கார்ந்தார். எஞ்சின் பிடித்ததும் எனக்கு நெஞ்செலும்பே அதிர்ந்தது. உப்பங்கழிக் கரையில் ஆட்கள் கூடையோடு ஓடிவருவது தெரிந்தது. ஏதோ கத்தினார்கள், கேட்கவில்லை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஏதோ சொன்னார். "என்னங்க?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

திரும்பி வரும் வழியில் அவர் தூங்கிவிட்டார். வெட்ட வெளிச்சத்தில், அந்தப் பேரிரைச்சலுக்கு நடுவில், வாயைத் திறந்துகொண்டு, தலை தோளில் சாய, குழந்தை மாதிரித் தூங்கினார். ஏறியிருந்த பயணிகள் அதிசயமாகப் பார்த்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். அந்த வருடம் முழுக்கச் சொல்லாமல் வைத்திருந்தது நிறைய இருந்தது. எதுவும் அவருக்குக் கேட்காது என்று தெரிந்துதான் சொன்னேன்.

சாத்தம் துறை வந்தது. மலையாளிக்கு இரண்டு கையும் சுக்கானில். என்னைப் பார்த்து வாயசைத்தார், சுவிட்சைக் காட்டினார். சுவிட்ச் என் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. கையை வைத்தேன். எடுத்துவிட்டேன். துறையின் மரத்தூண்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன, பயணிகள் எழுந்து நின்றுவிட்டார்கள், மலையாளி தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும் என்று இருந்தேன். முடியவில்லை. அணைத்தேன்.

சத்தம் நின்ற அந்தக் கணமே அவர் கண்ணைத் திறந்தார். காதுக்குள் அந்த ஊம் இரைச்சலை நான்தான் போட்டுவிட்டேன் என்பது போல என்னைப் பார்த்தார்.